தீராத வயித்துக் கோளாறுக்கு 18ஆம் நூற்றாண்டுல என்ன வைத்தியம் பாத்தாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு பெருங்குடல்ல புண் வர்ற நாள்பட்ட வியாதி இருக்கு, பதினோரு வருஷம் ஆச்சு. மருந்து ஒத்துக்காம படுத்துக் கெடந்த ஒரு சமயத்துல டேவிட் ஹ்யூம்ங்கிற ஸ்காட்லாந்து தத்துவ அறிஞரோட கடைசி வருஷ லெட்டர்களைப் படிக்க ஆரம்பிச்சேன், அவரும் வயித்தால அவதிப்பட்டுத்தான் 1776ல இறந்தாரு. அதுல இருந்து அந்தக் காலத்து வைத்தியத்தை தேடித் தேடி படிக்குறேன். சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், என்னை மாதிரி வியாதி உள்ளவங்கன்னு யார்கிட்ட பேசுனாலும் அதே சந்தேகங்கள் தான் திரும்பத் திரும்ப வருது, அதான் ஒரே எடத்துல எழுதி வைக்குறேன். பெரும்பாலும் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து பக்கம் நடந்தது தான் இதுல இருக்கும்.

மொதல்ல இதை சொல்லுங்க, அந்தக் காலத்துல கொலைட்டிஸ் (பெருங்குடல் அழற்சி), ஐபிஎஸ் (குடல் எரிச்சல் கோளாறு) எல்லாம் இருந்துச்சா?

வியாதி இருந்திருக்கும், பேரு தான் இல்ல. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்ங்கிற பேரு 1859ல தான் வருது, குடல்ல புண் வர்ற இன்னொரு நாள்பட்ட வியாதியான கிரோன் வியாதி பத்தின கட்டுரை 1932ல. அதுக்கு முன்னாடி வெளிய என்ன தெரியுதோ அதை வச்சு தான் பேரு. தண்ணியா போனா பேதி, ரத்தமும் சீதமும் கடுப்பும் சேர்ந்து போனா ரத்தபேதி, தின்னது செரிக்காம அப்படியே வந்தா லையன்டரி, வெள்ளையா கூழ் மாதிரி போனா சீலியாக். இந்தக் கடைசிப் பேரு பழைய கிரேக்க வைத்தியத்துல இருந்து வந்தது, இன்னைக்கு கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு சொல்ற சீலியாக்கும் அதே சொல்லு தான், ஆனா அன்னைக்கு கோதுமைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

அதனால ஒரே பேருக்குள்ள பத்து வியாதி ஒளிஞ்சிருக்கும், ஒரே வியாதிக்கு மூணு பேரும் இருக்கும். பழைய நோட்டுல "பேதி"ன்னு பாத்துட்டு இது இன்னைக்கு இந்த வியாதின்னு டக்குனு முடிவு கட்டாதீங்க.

டாக்டர் வயித்தை தொட்டே பாக்க மாட்டாராமே, நெஜமாவா?

தொடவே மாட்டாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா அது மொத வேலை இல்ல. மொத வேலை கேக்குறது. எப்ப ஆரம்பிச்சுது, என்ன சாப்பிட்டீங்க, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க, அப்பா அம்மாவுக்கு இருந்துச்சா, மனசு எப்படி இருக்கு, தூக்கம் வருதா. அப்புறம் நாக்கு, நாடி, மூத்திரம், மலம். ஸ்டெதஸ்கோப் 1816ல தான் வருது, எக்ஸ்ரே 1895ல. உடம்பைத் தட்டி சத்தம் கேக்குற முறையை வியன்னாவுல அவுன்ப்ரூகர்ங்கிறவரு 1761லயே எழுதிட்டாரு, அதுவும் நெஞ்சுக்குத் தான், அதைக்கூட பல வருஷம் பெருசா யாரும் கண்டுக்கல.

இன்னொன்னு, படிச்ச டாக்டர் வேற, சர்ஜன் வேற. கையால தொட்டு, அறுத்து, கட்டுப்போட்டு செய்யுற வேலையெல்லாம் சர்ஜனோடது, லண்டன்ல சர்ஜன்களும் நாவிதர்களும் 1745 வரைக்கும் ஒரே சங்கத்துல தான் இருந்தாங்க. மூலம், பௌத்திரம் மாதிரி விஷயத்துக்கு சர்ஜன்கிட்ட போவாங்க, உள்ள குடல்ல கோளாறுன்னா டாக்டர்கிட்ட. இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம்னு கீழ ஹ்யூம் கதையில தெரியும்.

நேர்ல பாக்காம லெட்டர்லயே வைத்தியம் பண்ணாங்களாமே, அது எப்படி முடியும்?

மேல சொன்னதை வச்சு யோசிங்க, வைத்தியம் முக்கால்வாசி கேள்வி பதில் தான்னா அதை லெட்டர்லயும் பண்ணலாம் இல்லையா. ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோவுல வில்லியம் கல்லன்னு ஒரு மருத்துவப் பேராசிரியர், 1710ல பொறந்து 1790ல இறந்தவரு, அவருக்கு எங்கெங்கேயோ இருந்து லெட்டர் வரும். நோயாளியே எழுதுவாங்க, இல்ல உள்ளூர் டாக்டர் எழுதுவாரு, பக்கம் பக்கமா. கல்லன் பதில்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மருந்து எல்லாம் எழுதி அனுப்புவாரு. பதிலுக்கெல்லாம் காப்பி எடுத்து வச்சதால ஆயிரக்கணக்கான லெட்டர் இன்னைக்கும் எடின்பரோவுல இருக்கு. நீராவி இஞ்சின்ல பேரு வாங்குன ஜேம்ஸ் வாட் 1780ல லெட்டருக்கு காப்பி எடுக்குற ஒரு மெஷினுக்கு பேட்டன்ட் வாங்குனாரு, அதை உடனே வாங்கி யூஸ் பண்ண ஆள் கல்லன்.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா நோயாளியோட சொந்த வார்த்தை அப்படியே டாக்டர் மேஜைக்கு போகுது. வயித்துக்குள்ள என்னமோ உருளுது, கட்டிப் பிடிக்குது, சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல பொரட்டுதுன்னு அவங்க பாஷையிலயே. இன்னைக்கு அஞ்சு நிமிஷ கன்சல்டேஷன்ல நான் பாதி சொல்லும்போதே அடுத்த டோக்கன் கூப்பிட்டுடுறாங்க.

மலத்தைப் பாத்து என்ன தெரிஞ்சுக்கிட்டாங்க? சும்மா பாத்தா போதுமா?

கண்ணாலயும் மூக்காலயும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நெறம், நாத்தம், கெட்டியா தண்ணியா, சளி மாதிரி இருக்கா, ரத்தம் பளிச்சுனு சிவப்பா இல்ல கறுத்துப்போயா, தோல் உரிஞ்ச மாதிரி ஏதாவது வருதா. அந்தத் தோல் மாதிரி வர்றதை குடலைச் சுரண்டி எடுத்ததுன்னு சொல்லுவாங்க. வீட்டுல வேலை செய்யுறவங்க பானையை எடுத்து வச்சு டாக்டர் வந்ததும் காட்டுவாங்க, இதுல யாருக்கும் வெக்கம் கெடையாது. கறுப்பா போனா ரத்தம் மேல இருந்து வருது, சிவப்பா போனா கீழ இருந்துங்கிற மாதிரி கணக்கெல்லாம் இன்னைக்கும் செல்லும்.

அவங்களும் நம்ம வாதம் பித்தம் கபம் மாதிரி தான் நம்புனாங்களா?

நூற்றாண்டு ஆரம்பத்துல அது மாதிரி தான், ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம்னு நாலு. ஆனா நடுவுல கதை மாறிடுச்சு. எடின்பரோவுல ராபர்ட் விட், அவருக்கு அப்புறம் கல்லன், ரெண்டு பேரும் நரம்பு தான் எல்லாத்துக்கும் மூலம்னு சொன்னாங்க. கல்லன் 1769ல எல்லா வியாதியையும் நாலு பெரிய வகுப்பா பிரிச்சு லத்தீன்ல புக் போட்டாரு. அதுல ரத்தபேதி காய்ச்சல் வகுப்புல இருக்கு, ஏன்னா அது தொத்தும். ஆனா சாதா பேதி, வயித்துப் பிடிப்பு, அஜீரணம் எல்லாம் நரம்பு வியாதி வகுப்புல. குடல் தசை இழுத்துப் பிடிச்சா வலி, தளர்ந்து போனா பேதி, வயித்துக்கு தெம்பு இல்லைன்னா அஜீரணம், இது தான் அவரு கணக்கு.

பேரு மாறுச்சே தவிர மருந்து ரொம்ப மாறல. பித்தத்தை வெளியேத்தணும்னு குடுத்த அதே வாந்தி மருந்தை இப்ப இழுத்துப் பிடிச்சதை தளர்த்தணும்னு குடுத்தாங்க.

ஹைப்போகாண்ட்ரியான்னா இல்லாத வியாதியை இருக்குன்னு பயப்படுறது தானே? அது ஏன் வயித்து வியாதி லிஸ்ட்ல வருது?

இன்னைக்கு அர்த்தம் அது. அன்னைக்கு அது உடம்போட ஒரு எடம், விலா எலும்புக்குக் கீழ இருக்குற பகுதி. அங்க வாய்வு, பொருமல், அஜீரணம், ஏப்பம், கூடவே மனசு சோர்ந்து போறது, எல்லாம் சேர்ந்து தான் ஹைப்போகாண்ட்ரியா. வயிறும் மனசும் ஒன்னுக்கொன்னு கயிறு கட்டுன மாதிரின்னு அவங்க சந்தேகமே இல்லாம நம்புனாங்க. இப்ப குடலுக்கும் மூளைக்கும் தொடர்புன்னு புதுசா பேசுறதைக் கேக்கும்போது எனக்கு அந்த லெட்டர்கள் தான் ஞாபகம் வருது.

ஹ்யூமுக்கே இருபது வயசு வாக்குல இது வந்துச்சு. படிச்சு படிச்சு வர்ற வியாதின்னு ஒரு பேரு சொன்னாங்க. கசப்பு மருந்து, ஒரு வகை மாத்திரை, தினம் ஒரு பைன்ட் சிவப்பு ஒயின், கூடவே எட்டுப் பத்து மைல் குதிரை சவாரி, இது தான் வைத்தியம். 1734ல ஒரு டாக்டருக்கு அவரு எழுதுன நீளமான லெட்டர்ல இதெல்லாம் இருக்கு.

சரி மருந்துக்கு வாங்க. என்னதான் குடுத்தாங்க?

நாலு வேலைக்கு மருந்துன்னு வச்சுக்கலாம். உள்ள இருக்குறதை வெளிய தள்ளுறது, ஓடுறதை நிறுத்துறது, வலியை அமுக்குறது, தெம்பு ஏத்துறது. வெளிய தள்ள ருபார்ப் வேர், விளக்கெண்ணெய், பாதரசத்துல செஞ்ச காலமெல். வாந்தி எடுக்க வைக்க இபிகாக். நிறுத்துறதுக்கு துவர்ப்பு உள்ளதெல்லாம், மாதுளை ஓடு, மாசிக்காய், அப்புறம் நம்ம வெத்தலைக்கு போடுற காசுக்கட்டி. காசுக்கட்டிக்கு அவங்க வச்ச பேரு ஜப்பான் மண்ணு, அது மண்ணும் இல்ல ஜப்பானும் இல்ல, இந்தியாவுல இருந்து போன மரச்சாறு. சாக்பீஸ் சுண்ணாம்பு கலந்த தண்ணி, மான் கொம்பை சுட்டு பிசினோட கொதிக்க வச்ச வெள்ளைக் கஷாயம் இதெல்லாமும் உண்டு.

இபிகாக் கதை தனியா சொல்லணும். பிரேசில் காட்டுல வளர்ற ஒரு சின்னச் செடியோட வேர். பாரிஸ்ல எல்வெசியஸ்னு ஒரு டாக்டர் இதை ரகசிய மருந்தா வச்சு ரத்தபேதியை குணமாக்கி பேரு வாங்குனாரு, 1688ல பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி 1000 தங்கக் காசு குடுத்து அந்த ரகசியத்தை வாங்கி வெளிய விட்டாரு. அமீபாவால வர்ற ரத்தபேதிக்கு இதுல இருக்குற எமெட்டின் உண்மையிலேயே வேலை செய்யும்னு 20ஆம் நூற்றாண்டுல நிரூபிச்சாங்க. ஆனா அன்னைக்கு அமீபா ரத்தபேதி எது, மத்தது எதுன்னு பிரிச்சுப் பாக்க வழி இல்ல, அதனால ஒருத்தருக்கு கேட்கும் இன்னொருத்தருக்கு கேட்காது, ஏன்னும் தெரியாது.

வலிக்கு அபின் தான். ஒயின்ல ஊற வச்ச அபினுக்கு லாடனம்னு பேரு, துளிக் கணக்குல குடுப்பாங்க. 1732ல தாமஸ் டோவர்னு ஒரு டாக்டர் அபினும் இபிகாக்கும் கலந்து ஒரு பொடி போட்டாரு, கீல்வாதத்துக்குன்னு ஆரம்பிச்சது பேதிக்கும் பரவி ரொம்ப காலம் ஓடுச்சு. அபின் குடலோட ஓட்டத்தை நெஜமாவே மெதுவாக்கும், இன்னைக்கு கடையில வாங்குற பேதி நிறுத்துற மாத்திரை லோபெரமைடு கூட அந்தக் குடும்பம் தான். அடிமையாகுறது, மலச்சிக்கல், டோஸ் கூடுனா மூச்சு நிக்குறது எல்லாமும் கூடவே வந்துச்சு.

பேதி ஆகுற ஆளுக்கே பேதி மருந்து குடுக்குறதா? புரியவே இல்ல.

எல்லாரும் கேக்குற கேள்வி இது. அவங்க பார்வையில பேதிங்கிறது உடம்பு எதையோ வெளிய தள்ளப் பாக்குறது. அந்தக் கெட்டது உள்ள இருக்கும்போதே அடைச்சு வச்சா அது காய்ச்சலாவோ வீக்கமாவோ மாறும்னு பயம். அதனால மொதல்ல சுத்தம் பண்ணு, அப்புறம் நிறுத்து. ருபார்புக்கு அவ்வளவு மவுசு வந்ததே இதனால தான், அது மொதல்ல போக வைக்கும், அப்புறம் அதுல இருக்குற துவர்ப்பு கட்டும், ஒரே வேர் ரெண்டு வேலை. சீனாவுல இருந்து ரஷ்யா வழியா வரும், நல்ல வெலை. ரஷ்யாவுல இருந்து அனுப்புன விதையை வச்சு 1760கள்ல எடின்பரோ தாவரத் தோட்டத்துல ஜான் ஹோப் அதை வளர்த்தாரு.

நம்ம பாட்டிங்க மாசம் ஒரு தடவை விளக்கெண்ணெய் ஊத்துனதும் இதே யோசனை தானே. நாள்பட்ட குடல் புண்ணுக்கு இது எவ்வளவு கொடுமைன்னு எனக்கு சொல்லத் தேவையில்ல, ஏற்கனவே தண்ணியும் ரத்தமும் இழந்த உடம்புல இன்னும் இழக்க வைக்குறது அது. ஆனா அவங்க யோசனைக்குள்ள நின்னு பாத்தா அது மடத்தனம் இல்ல.

எனிமா குடுத்தாங்களா?

ரொம்ப. மாட்டு மூத்திரப்பை இல்லன்னா பன்னி மூத்திரப்பையில குழாய் வச்சு கட்டி அமுக்குவாங்க, உலோகத்துல செஞ்ச பீச்சாங்குழலும் உண்டு. மலச்சிக்கலுக்கு மட்டும் இல்ல, கடுப்பு தாங்காம இருக்குறவங்களுக்கு ஸ்டார்ச் கஞ்சியில லாடனம் கலந்து குடுப்பாங்க, புண்ணு இருக்குற எடத்துலயே நேரா மருந்து போய் சேரும்னு. இன்னைக்கு எனக்கு எழுதித் தர்ற எனிமா மருந்தும் அதே தத்துவம் தான், மருந்து வேற.

குடல் அடைச்சுக்கிட்டா புகையிலைப் புகையைக்கூட உள்ள ஏத்துவாங்க. தண்ணியில மூழ்குனவங்களை எழுப்பவும் இதே புகையை யூஸ் பண்ணாங்க.

சாப்பாட்டுல பத்தியம் இருந்துச்சா? என்ன சாப்பிட சொன்னாங்க?

பத்தியம் தான் வைத்தியத்துல பாதி. பார்லித் தண்ணி, அரிசிக் கஞ்சி, சவ்வரிசி, பாலில் ஊறுன ரொட்டி, கொழுப்பு எடுத்த ஆட்டு சூப்பு, கழுதைப் பால். பழம், காய்கறி, பீர் எல்லாம் வாய்வுன்னு தள்ளி வைப்பாங்க. வயித்துல ஃப்ளானல் துணி சுத்திக்கணும், கால் ஈரமாகக் கூடாது. கழுதைப் பால் ஏன்னா அதுல கொழுப்பு கம்மி, இளம் வயித்துக்கும் செரிக்கும்னு.

ஜார்ஜ் செய்ன்னு ஒரு டாக்டர், இங்கிலாந்துல வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன பாத் (Bath) ஊர்ல இருந்தவரு, ஒரு சமயம் அவரு எடை 32 ஸ்டோன், கிட்டத்தட்ட 200 கிலோ. பாலும் காய்கறியும் மட்டும் சாப்பிட்டு கொறச்சாரு, அதையே எல்லாருக்கும் எழுதிக் குடுத்தாரு, 1733ல வந்த புக்ல தன்னோட கேஸையே விவரமா போட்டாரு. தான் பட்ட கஷ்டத்தை ஒளிக்காம எழுதுன டாக்டர்னு எனக்கு அவரு மேல தனி மரியாதை உண்டு.

குதிரை சவாரி பண்ணா வயிறு சரியாகுமா என்ன?

குலுங்குனா உள்ள அடைச்சு நிக்குறது நகரும், நரம்புக்கு தெம்பு வரும்னு நம்பிக்கை. குதிரை இல்லன்னா வண்டி, வண்டியும் முடியலன்னா வீட்டுக்குள்ளயே ஸ்ப்ரிங் வச்ச நாற்காலி, அதுல உக்காந்து மேலயும் கீழயும் குதிக்கணும். அதுக்கு அறைக் குதிரைன்னு பேரு, மேல சொன்ன செய்ன் அதை சிபாரிசு பண்ணிருக்காரு. நீண்ட பயணமே ஒரு மருந்தா எழுதிக் குடுத்தாங்க. ஊர் மாத்தம், காத்து மாத்தம், கவலையில இருந்து விலகல், இதுல எது வேலை செஞ்சுதுன்னு பிரிக்க முடியாது, ஆனா கொஞ்சம் பேர் தேறித்தான் திரும்பி வந்தாங்க.

ஹ்யூம் கதையை முழுசா சொல்லுங்க, அதுல நாலு டாக்டர் நாலு விதமா சொன்னாங்களாமே.

1775 வசந்த காலத்துல குடல்ல கோளாறு ஆரம்பிச்சுது, மொதல்ல அவரு அலட்டிக்கல. பேதி, ரத்தம், எளப்பு. 1776 பிப்ரவரியில தன் நண்பர், பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்துக்கு எழுதுறாரு, எடை பாத்தேன், முழுசா அஞ்சு ஸ்டோன் கொறஞ்சுட்டேன், நீங்க இன்னும் லேட் பண்ணா நான் மொத்தமா காணாம போயிடுவேன்னு. அஞ்சு ஸ்டோன்னா 32 கிலோ. எடின்பரோவுல அவரைப் பாத்தது ஜோசப் பிளாக், கரியமில வாயுவையும் மறை வெப்பத்தையும் கண்டுபிடிச்ச அதே பிளாக் தான், அவரு டாக்டரும் கூட. குடலுக்குள்ள ரத்தக் கசிவுன்னு பிளாக் சொன்னாரு, ஹ்யூமோட அம்மாவும் இதே மாதிரி வியாதியில தான் போனாங்கன்னு ஸ்மித்துக்கு எழுதியும் இருக்காரு.

ஏப்ரல்ல லண்டன் கெளம்புனாரு. அங்க சர் ஜான் பிரிங்கிள், ராணுவத்துல ரத்தபேதியைப் பாத்து 1752ல பெரிய புக் எழுதுன ஆள், அப்ப ராயல் சொசைட்டிங்கிற லண்டன் அறிவியல் சங்கத்தோட தலைவரும் அவரு தான். அவரு சொன்னது பெருங்குடல் ஒரு எடத்துல சுருங்கியிருக்கு, பாத் தண்ணி குடிச்சா சரியாகும்னு. பாத் ஊருக்கு போனா அங்க இருந்த டாக்டர் இது பித்தக் கோளாறுன்னாரு. பூமிக்குள்ள இருந்து சூடா வர்ற அந்தத் தண்ணியை டம்ளர் டம்ளரா குடிக்கணும். மொதல்ல கொஞ்சம் தேவலாம் மாதிரி இருந்துச்சு, அப்புறம் ஒத்துக்கல.

அந்த நேரம் பாத்து ஜான் ஹண்டர் பாத்துக்கு வந்தாரு. அவரு சர்ஜன். வயித்துல கையை வச்சு அமுக்கிப் பாத்துட்டு ஈரல்ல ஒரு கட்டி இருக்குன்னு சொல்லிட்டாரு. அப்புறம் பாத் டாக்டரும் தொட்டுப் பாத்து ஆமான்னாரு, ஹ்யூமே தன் கையால தடவிப் பாத்து முட்டை அளவுக்கு இருக்குன்னு எழுதுறாரு. இது யூகம் இல்ல, புலனுக்கு தெரியுற உண்மைன்னு அவரு தன் அண்ணனுக்கு எழுதுன லெட்டர்ல ஒரு வரி இருக்கு, இயேசுவோட சீடர்ல சந்தேகப்பட்ட தோமா கூட விரலோட சாட்சிக்கு மேல வேற எதையும் கேக்கலையேன்னு. காலம் பூரா அனுபவம் தான் அறிவுக்கு ஆதாரம்னு எழுதுன மனுஷன் தன் சாவுக் கட்டியையும் அப்படியே தொட்டுப் பாத்து ஒத்துக்கிட்டாரு. இந்த எடத்தை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியல.

அப்ப மத்த மூணு பேரும் தப்பா? டுபாக்கூர் டாக்டருங்களா?

இல்லவே இல்ல. பிளாக்கும் பிரிங்கிளும் அந்தக் காலத்தோட பெரிய மூளைங்க. குடல்ல ரத்தக் கசிவுங்கிறதும் உண்மையா இருக்கலாம், சுருக்கம்ங்கிறதும் இருக்கலாம், கட்டி இருந்தா ரெண்டுமே வரும். உயிரோட இருக்குற ஆளோட வயித்துக்குள்ள பாக்க வழி இல்லாதப்ப ஒவ்வொருத்தரும் தனக்கு தெரிஞ்ச பக்கத்துல இருந்து யூகிச்சாங்க. ராணுவ ரத்தபேதி பாத்தவருக்கு பெருங்குடல் தெரிஞ்சுது, பாத்ல தினமும் பித்தக்காரங்களைப் பாத்தவருக்கு பித்தம் தெரிஞ்சுது, பொணம் அறுத்து அறுத்து கை பழகுன ஹண்டருக்கு கட்டி தெரிஞ்சுது. எனக்கும் மொத மூணு வருஷத்துல வேற வேற எடத்துல மூலம்னாங்க, அமீபான்னாங்க, டென்ஷன்னாங்க, கடைசியில குழாய்க் கேமராவால பெருங்குடலுக்குள்ள பாக்குற கொலனோஸ்கோப்பி எடுத்தப்புறம் தான் தெரிஞ்சுது. எங்க யாரைப் பாத்தேன்னு இங்க சொல்லல, யார் மேலயும் கோவமும் இல்ல.

ஹ்யூமுக்கு உண்மையில என்ன வியாதி? இன்னைக்கு டாக்டருங்க என்ன சொல்றாங்க?

குடல் புற்று ஈரலுக்கு பரவியிருக்கலாம், ஈரல் புற்று, நாள்பட்ட கொலைட்டிஸ் முத்திப்போய் புற்றா மாறுனதுன்னு பல யூகம் இருக்கு. வயசு 65, ஒரு வருஷத்துல அவ்வளவு எளப்பு, ரத்தம், ஈரல்ல கட்டி, குடும்பத்துலயும் இருந்தது, இதெல்லாம் வச்சுப் பாத்தா புற்றுப் பக்கம் தான் என் மனசு சாயுது. ஆனா மொத கேள்வியில சொன்ன எச்சரிக்கை இங்கயும் உண்டு.

காரணத்தை சரியா கண்டுபிடிச்சு நிறுத்துன கேஸ் ஒன்னு கூட இல்லையா?

இருக்கு, ரொம்ப அழகான கேஸ். இங்கிலாந்துல டெவன் ஜில்லாவுல ஆப்பிள் சைடர் (ஆப்பிள் சாறைப் புளிக்க வச்ச மது) எறங்குற சீசன்ல தீராத வயித்துப் பிடிப்பு வரும், மலம் கட்டிக்கும், விட்டு விட்டு வந்து கடைசியில கை மணிக்கட்டு தொங்கிப் போயிடும். ஆப்பிள் புளிப்பு தான் காரணம்னு எல்லாரும் நெனச்சாங்க. ஜார்ஜ் பேக்கர்ங்கிற டாக்டர் அதே ஜில்லாக்காரரு, அவரு யோசிச்சது என்னன்னா ஹெரிஃபோர்டுலயும் சைடர் ஆறா ஓடுது, அங்க ஏன் இந்த வியாதி இல்ல? போய் விசாரிச்சா டெவன்ல ஆப்பிள் நசுக்குற செக்குல கல்லு இணைப்பை ஈயத்தால அடைச்சிருந்தாங்க, ஹெரிஃபோர்டுல ஈயம் கெடையாது. கந்தகம் சேர்ந்த கரைசலை ஊத்துனா டெவன் சைடர் கறுத்துச்சு, ஈயம் இருக்குன்னு அர்த்தம். 1767ல அதை வெளியிட்டாரு. ஊர்ல எதிர்ப்பு பலமா இருந்துச்சு, சைடர் தான் அவங்க பொழப்பு இல்லையா, ஆனா ஈயத்தை எடுக்க எடுக்க வியாதி கொறஞ்சுது.

வெஸ்ட் இண்டீஸ் பக்கமும் இதே வலி, ரம் குடிச்சவங்களுக்கு. அதைப் பத்தி தாமஸ் கேட்வாலடர் எழுதுன சின்னப் புத்தகத்தை 1745ல ஃபிலடெல்ஃபியாவுல அச்சடிச்சவரு பெஞ்சமின் ஃபிராங்க்ளின். ரம் காய்ச்சுற ஈயக் குழாய் தான் வில்லன். குடலுக்குள்ள எட்டிப் பாக்காமலே, எங்க வருது எங்க வரலன்னு ஒப்பிட்டே கண்டுபிடிச்சாங்க பாருங்க.

மைக்ராஸ்கோப் தான் அப்பவே இருந்துச்சே, மலத்தை அதுல வச்சுப் பாத்திருந்தா கிருமி தெரிஞ்சிருக்குமே?

பாத்தாரு! நெதர்லாந்துல லீவன்ஹோக் 1681லயே தனக்கு பேதி ஆனப்ப தன் மலத்தையே வச்சுப் பாத்து ஓடுற சின்ன உயிருங்களை எழுதிட்டாரு, இன்னைக்கு ஜியார்டியான்னு சொல்ற குடல் ஒட்டுண்ணியா இருக்கும். ஆனா அந்த உயிரு தான் வியாதியை உண்டாக்குதுன்னு யாரும் முடிச்சு போடல. அவரு அளவுக்கு நல்ல லென்ஸ் மத்தவங்ககிட்ட இல்லாததும் ஒரு காரணம். ரத்தபேதி அமீபாவை 1875ல தான் ரஷ்யாவுல கண்டாங்க, கிட்டத்தட்ட 200 வருஷம்.

செத்தப்புறம் அறுத்துப் பாத்து கத்துக்கலையா?

கத்துக்கிட்டாங்க, அதுல தான் பெரிய மாத்தமே. இத்தாலியில மோர்கான்யி 1761ல, தன்னோட 79 வயசுல, ஏறக்குறைய 700 கேஸை போட்டு புக் எழுதுனாரு, உயிரோட இருந்தப்ப என்ன தொல்லை, செத்தப்புறம் உள்ள என்ன இருந்துச்சுன்னு ஜோடி ஜோடியா. ஜான் ஹண்டரோட மருமகன், அதாவது அக்கா மகன், மேத்யூ பெய்லி 1793ல உறுப்பு உறுப்பா எடுத்து எழுதுனாரு, பெருங்குடல் புண்ணெல்லாம் அதுல வருது. வியாதிங்கிறது உடம்பு முழுக்க ஓடுற பித்தம் இல்ல, ஒரு குறிப்பிட்ட எடத்துல இருக்குங்கிற எண்ணம் இதுல இருந்து தான் பலமாச்சு. நோயாளிக்கு அதனால உடனே பிரயோஜனம் எதுவும் கெடைக்கல, எடம் தெரிஞ்சாலும் அங்க போய் செய்ய வழி இல்ல.

இதெல்லாம் பணக்காரங்க கதை. ஏழைங்க என்ன பண்ணாங்க?

எடின்பரோவுல தர்ம ஆஸ்பத்திரி 1729ல ஆறு படுக்கையோட ஆரம்பிச்சுது, ஆனா நாள்பட்ட வியாதிக்காரங்களை ரொம்ப நாள் வச்சுக்க மாட்டாங்க. பெரும்பாலும் வீட்டு வைத்தியம், பக்கத்து வீட்டு அம்மா, பாதிரியார், மருந்துக் கடைக்காரர். 1769ல வில்லியம் புக்கன் எடின்பரோவுல போட்ட வீட்டு வைத்திய புக் பயங்கரமா வித்துச்சு, சுத்தம், காத்து, சாப்பாடு இதையெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியுற மாதிரி எழுதியிருந்தாரு.

நம்ம ஊர் மருந்து ஏதாவது அங்க போச்சா?

காசுக்கட்டி மேலயே சொன்னேன். சோழமண்டலக் கரையில இருந்து கோனெசின்னு ஒரு மரப்பட்டை போச்சு, பேதிக்கு கைகண்ட மருந்துன்னு எடின்பரோ மருத்துவக் கட்டுரைத் தொகுப்புல எழுதியிருந்தாங்க. அது நம்ம குடசப்பாலை தான், இங்க ரொம்ப காலமா சீதபேதிக்கு குடுக்குறது. கொலம்போ வேர்னு இன்னொன்னு, பேரைப் பாத்து இலங்கையில இருந்து வருதுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க, உண்மையில அது ஆப்பிரிக்காவோட கெழக்குக் கரையில, மொசாம்பிக் பக்கம் வளர்றது.

அந்த மருந்துல ஏதாவது இப்ப வீட்டுல செஞ்சு பாக்கலாமா? இயற்கை வைத்தியம் தானே?

தயவுசெஞ்சு வேண்டாம். காலமெல் பாதரசம், பல் ஆடி எச்சில் கொட்டும். இபிகாக் இதயத்தைக் கெடுக்கும். அபின் பத்தி மேலயே சொல்லிட்டேன். மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை கொறையுறது, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புற பேதி, இதுல ஒன்னு இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. கஞ்சியும் சூப்பும் வேணா தாராளமா குடிங்க.

நோயாளிகிட்ட உண்மையை சொல்வாங்களா, இல்ல மறைப்பாங்களா?

ரெண்டும் உண்டு, தைரியம் சொல்றது டாக்டரோட கடமைன்னு நெனச்சவங்க நெறைய. ஆனா ஹ்யூம்கிட்ட மறைக்க முடியல. 1776 ஏப்ரல் 18ஆம் தேதி தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போதே இது தீராதது, உயிரை எடுக்கும்னு நெனைக்குறேன், ஆனா வலி ரொம்ப கொஞ்சம் தான்னு எழுதிட்டாரு. ஜூலையில எடின்பரோ திரும்பி வந்தாரு, ஃப்ரெண்ட்ஸுக்கு விருந்து வச்சாரு. பாக்க வந்த டண்டாஸ்ங்கிற டாக்டர், நீங்க தேறி வர்றதா உங்க நண்பர்கிட்ட சொல்றேன்னாரு. அதுக்கு ஹ்யூம், நீங்க உண்மையைத் தவிர வேற சொல்ல விரும்ப மாட்டீங்கன்னு நம்புறேன், அதனால இப்படி சொல்லுங்க, எனக்கு எதிரிங்க இருந்தா அவங்க ஆசைப்படுற வேகத்துல செத்துக்கிட்டிருக்கேன், என் உயிர் நண்பர்கள் ஆசைப்படுற அளவுக்கு நிம்மதியாவும் சந்தோஷமாவும் செத்துக்கிட்டிருக்கேன்னாரு. ஆகஸ்ட் 25, சாயங்காலம் நாலு மணி வாக்குல போயிட்டாரு. கடைசி வரைக்கும் பாத்துக்கிட்ட பிளாக் மறுநாளே ஸ்மித்துக்கு லெட்டர் எழுதுனாரு, கடைசியில பெருசா வலியோ தவிப்போ இல்லாம போனாருன்னு.